பதினோரு கொண்டைக்கடலை

வெஸ்ட் வின்ட்சர், நியூ ஜெர்சி
12 ஜூலை 2025

அன்புள்ள வான்மதிக்கு,

கவரில் என் கையெழுத்தைப் பார்த்ததும் குப்பைத்தொட்டி வரைக்கும் போயிருப்பாய். அப்புறம் திரும்பி வந்து பிரித்திருப்பாய். நாலு வருஷம் பேசாவிட்டால் உன்னைத் தெரியாமல் போய்விடுமா?

போன் பண்ணினால் எடுக்க மாட்டாய். மெசேஜ் போட்டால் பார்ப்பாய், பதில் போட மாட்டாய். அதனால்தான் தபால். விஷயம் இதுதான்: ஜுஹைருக்கு டிசம்பர் இருபதாம் தேதி நிக்காஹ். பெண் பெயர் மஹா, பல் டாக்டர். நீ வரவேண்டும். "உம்மா, அவங்களுக்கு ஜஸ்ட் ஒரு டெக்ஸ்ட் பண்ணுங்க. வொய் ஸோ மச் டிராமா?" என்கிறான் மாப்பிள்ளை. உன் கோபத்தைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்?

இதோடு மடித்து வைத்திருக்கும் சார்ட் பேப்பரைப் பிரித்துப் பார். திருச்சி ஹாஸ்டலில், கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பரீட்சைக்குப் படிக்காமல் நாம் வரைந்தோமே, இரண்டாம் உலகப் போர் மேப், அதன் நகல். மெஸ்ஸிலிருந்து பருப்பு திருடிக்கொண்டு வந்து படை வைத்து ஆடுவோமே! மறுபடி ஆடலாமா? கடிதத்துக்கு ஒரு படையெடுப்பு. அவரவர் வீட்டில் பகடை உருட்டி, விழுந்ததை விழுந்தபடி எழுதவேண்டும்.

என் வீட்டுக்காரர் ரஹீம் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

உன் ரோஷன்


சுகர் லேண்ட், டெக்சஸ்
21 ஜூலை 2025

திருமதி ரோஷன் பேகம் அவர்களுக்கு,

குப்பைத்தொட்டி வரைக்கும் போனது உண்மைதான். இத்தாலியை இன்னமும் கோணலாகத்தான் வரைகிறீர்கள்.

ஆடலாம். ஆனால் சும்மா ஆட மாட்டேன். நீங்கள் ஜெயித்தால் டிசம்பரில் கல்யாணத்துக்கு வருகிறேன். நான் ஜெயித்தால் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. பத்திரிகையை வழக்கம்போல 'ஹாஸ்டல் கேர்ள்ஸ்' வாட்ஸாப் குரூப்பில் போட்டுவிடுங்கள். உங்கள் மகள் இன்ஷா கல்யாணத்துக்கு அப்படித்தானே கூப்பிட்டீர்கள்? நாற்பத்து மூன்று பேரில் ஒருத்தியாக!

ஜெர்மனி எனக்கு, கறுப்பு உளுந்து. போலந்துக்குப் பச்சைப்பயறு, பிரான்சுக்கு வேர்க்கடலை, பிரிட்டனுக்குப் பதினைந்து கொண்டைக்கடலை. அதெல்லாம் உங்களுக்கு. 1940 முடிவதற்குள் கொண்டைக்கடலை மொத்தமும் காலியானால் எனக்கு வெற்றி. ஒன்றே ஒன்று மிஞ்சினாலும் உங்களுக்கு. ஹாஸ்டல் சட்டம் ஞாபகம் இருக்கட்டும்: பகடையில் பொய் சொன்னால் அந்த இடத்திலேயே தோல்வி.

செப்டம்பர் 1, 1939. போலந்து எல்லையைத் தாண்டிவிட்டேன். ஐந்து, ஆறு, ஐந்து. என் வீட்டுக்காரர் மணியன் சாட்சி.

வான்மதி


வெஸ்ட் வின்ட்சர்
1 ஆகஸ்ட் 2025

கோபக்கார வான்மதிக்கு,

'அவர்களுக்கு'வாம், 'நீங்கள்'ஆம். என் துப்பட்டாவைக் கேட்காமல் எடுத்துப் போட்டுக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போனவள்தானே நீ?

போலந்து போயே போய்விட்டது. ராசியான கை என்று ரஹீமை உருட்டச் சொன்னேன். ஒன்று, ஒன்று, இரண்டு! இனிமேல் அவருக்கு டீ போடும் இலாகா மட்டும்தான். மேப் எங்கள் டைனிங் டேபிள் முழுக்கப் படுத்திருக்கிறது. நாங்கள் கிச்சனில் நின்றுகொண்டு சாப்பிடுகிறோம்.

நார்வேயைக் காப்பாற்ற நாலு கொண்டைக்கடலையைக் கப்பலில் ஏற்றிவிட்டேன். பாக்கிப் பதினொன்று பெல்ஜியம் பக்கம் நிற்கிறது. வேர்க்கடலை எல்லாம் பிரான்சின் எல்லைக் கோட்டையில். நடுவில் இருக்கிற ஆர்டென் காட்டுக்குள் உன் டாங்க் வராது.

குரூப் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பத்திரிகை அனுப்ப லிஸ்ட் போட்டபோது உன் பெயர் வந்தது. "அவ நம்ம வீட்டு ஆளு, அவளுக்கு எதுக்குப் பத்திரிகை?" என்று நான்தான் சொன்னேன். குரூப்பில் போட்டது மற்றவர்களுக்காக. முதல் வரிசையில் உனக்கு நாற்காலி போட்டு வைத்திருந்தேன் வான்மதி. ரஹீமின் பெரியம்மா அதில் உட்கார்ந்துவிட்டார். எழுப்பிவிட்டேன். அவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

ரோஷன்


சுகர் லேண்ட்
11 ஆகஸ்ட் 2025

ரோஷனுக்கு,

நார்வே விழுந்தது. நாலு கடலையும் கடலோடு போயிற்று.

அடுத்தது பிரான்ஸ். காட்டுக்குள் டாங்க் வராது என்று 1991-லும் இதையேதான் சொன்னாய்! ஆர்டென் காட்டைக் கிழித்துக்கொண்டு கடற்கரை வரைக்கும் வந்துவிட்டேன். உன் பதினொன்றும் டன்கர்க் கரையில் மாட்டியிருக்கிறது. முன்னால் உளுந்து, பின்னால் கடல். அடுத்த கடிதத்தில் பகடை உருட்டுவேன். மூன்றுக்கு மேல் விழுந்தால் கதை முடிந்தது.

ஒரு விபத்தையும் சொல்லிவிடுகிறேன். மணியன் ஃப்ரீவேயில் ஒன்றரை மணி நேரம் மாட்டிக்கொண்டு, பசியோடு வந்து, பிரான்ஸ் படையில் பாதியைத் தின்றுவிட்டார். "உப்பே இல்லையே" என்று குறை வேறு. எப்படியும் விழப்போகிற படைதானே என்று விட்டுவிட்டேன்.

வீட்டு ஆள் என்று எழுதியிருக்கிறாய். 1996-ல் உன் அம்மாவுக்கு விசா கிடைக்காதபோது, இரண்டு வாரம் லீவு போட்டு வந்து உனக்குப் பத்தியச் சாப்பாடு சமைத்தவள் நான். இன்ஷாவை நர்ஸ் முதலில் என் கையில்தான் கொடுத்தாள். அவள் கல்யாணத்துக்காகப் பச்சைப் பட்டு எடுத்தேன். உன் ஊர்ப் பக்கம், நியூவர்க் ஏர்போர்ட்டுக்கு டிக்கெட் எடுத்தேன். ஆமாம், எடுத்தேன். 'இன்னிக்குக் கூப்பிடுவா, நாளைக்குக் கூப்பிடுவா' என்று குளிக்கப் போகும்போதுகூட போனைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். கிளம்ப வேண்டிய நாள் காலையில் டிக்கெட்டை கேன்சல் பண்ணினேன். வீட்டு ஆள் என்றால் ஒரு வார்த்தைகூடக் கிடையாதா?

வான்மதி


வெஸ்ட் வின்ட்சர்
22 ஆகஸ்ட் 2025

வானு,

டிக்கெட் எடுத்தது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. நீ வராததால், உனக்கு ஆபீஸ்தான் பெரிசு என்று நானும் நாலு வருஷம் கோபமாக இருந்தேன். என்ன கூத்து பார்.

இப்போது என் கையில் ஆட்டம் எதுவும் இல்லை. பதினொன்றையும் கரையில் வரிசையாக நிற்க வைத்திருக்கிறேன். ரஹீம் மேப்பை எட்டிப் பார்த்துவிட்டு "ஐயோ பாவம், நீச்சல் தெரியுமா அதுங்களுக்கு?" என்றார். வேலை இல்லாத ஆள்.

உருட்டு. நான் கெஞ்ச மாட்டேன். ஆனால் தப்பு என்னுடையதுதான்டி.

ரோஷன்


சுகர் லேண்ட்
2 செப்டம்பர் 2025

ரோஷனுக்கு,

உருட்டினேன். ஒன்று விழுந்தது. டாங்குகள் கரைக்குப் பத்து மைல் தள்ளி நின்றுவிட்டன. என் ராசி அவ்வளவுதான். கப்பல், படகு, பரிசல் எது கிடைத்தாலும் கொண்டு வந்து ஏற்றிக்கொண்டு போ.

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. வேறு ஒன்றும் விசேஷம் இல்லை.

வான்மதி


வெஸ்ட் வின்ட்சர்
13 செப்டம்பர் 2025

அடி கள்ளி,

உண்மையான போரிலும் டன்கர்க்குக்கு முன்னால் டாங்குகள் மூன்று நாள் நின்றன. ஏன் நின்றன என்று சரித்திரக்காரர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். நீ ஏன் நின்றாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மணியன் அண்ணன் ரஹீமுக்கு போன் பண்ணினார். இந்த நாலு வருஷமும் இரண்டு பேரும் வாராவாரம் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள், அநியாயத்தைக் கேட்டாயா! "தங்கச்சிகிட்ட சொல்லிடாதீங்க பாய். ஆறு விழுந்துச்சு. நான் பக்கத்துலதான் நின்னேன். ஒண்ணுன்னு எழுதி ஒட்டிட்டா" என்றாராம். ரஹீமால் அந்த ரகசியத்தைப் பத்து நிமிஷம்கூடத் தாங்க முடியவில்லை.

பகடையில் பொய்! சட்டப்படி நீ காலி! ஐம்பத்தைந்து வயசில் கிச்சனில் குதித்தேன், முட்டி பிடித்துக்கொண்டது. டிசம்பர் இருபது, மறக்காதே. டிக்கெட் இப்போதே எடுத்துவிடு. இந்தத் தடவை கேன்சல் பண்ண விடமாட்டேன்.

வெற்றி பெற்ற ரோஷன்


சுகர் லேண்ட்
24 செப்டம்பர் 2025

ரோஷனுக்கு,

மணியனுக்கு ஒரு மாசம் காபி கிடையாது.

ஆறுதான் விழுந்தது. உளுந்தை நகர்த்த விரலை வைத்தேன், முடியவில்லை. அந்தப் பதினொன்றும் கரையில் முழித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தால், பிரசவ வலி வந்த அன்றைக்கு நீ முழித்த முழி மாதிரியே இருந்தது. 'போடி' என்று சொல்லிவிட்டு, ஒன்று விழுந்ததாக எழுதிவிட்டேன். இன்றைக்குக் கொலுவுக்குச் சுண்டல் பண்ணும்போது டப்பாவில் கடலை குறைந்தது. மேப்பில் இருந்ததைத் தொடவில்லை.

சட்டம் சட்டம்தான். டிசம்பரில் வருவேன். ஆனால் ஒன்றை யோசித்துப் பார். பந்தயத்தில் தோற்றதற்காக வருகிறேன், நீ அழைத்ததற்காக இல்லை. இங்கே ஹூஸ்டனில் முகம்தெரியாத வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட நாற்பது மைல் ஓட்டிக்கொண்டு வந்து பத்திரிகை வைக்கிறார்கள். பந்தயத்துக்காக வருகிறவளை முதல் வரிசையில் உட்கார வைக்காதே. கடைசி வரிசை போதும்.

எழுதக் கூடாது என்றுதான் நினைத்தேன். எழுதாமல் விட்டால் இன்னும் நாலு வருஷம் மனசுக்குள் கிடந்து அரிக்கும்.

வான்மதி


சுகர் லேண்ட், உன் வீட்டு வாசல்
4 அக்டோபர் 2025, சனிக்கிழமை காலை

வானு,

இந்தக் கடிதத்துக்கு ஸ்டாம்ப் கிடையாது. எதிர்ப்பக்கம் வாடகைக் காரில் உட்கார்ந்து, மடியில் வைத்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் இத்தாலி மாதிரி பொறுத்துக்கொள். ரஹீம் மூன்று தடவை எக்ஸிட்டைக் கோட்டைவிட்டார்.

உன் கடிதத்தைப் படித்ததும் நான் குதித்த குதியெல்லாம் இறங்கிவிட்டது. அன்றைக்கே ஃபிளைட் புக் பண்ணினேன். "உம்மா, கல்யாணம் டிசம்பர்லதானே? இப்ப எதுக்கு டெக்சஸ்?" என்றான் ஜுஹைர். "பத்திரிகை வைக்கப் போறோம்" என்றேன். "ஒரு கார்டு குடுக்கவா?" என்றான். "ஆமாம், ஒரு கார்டு குடுக்கத்தான்" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. எனக்கே புரிய நாலு வருஷம் ஆயிற்றே.

முதலில் போர்க் கணக்கை முடித்துவிடுவோம். ஆறு விழுந்தது, ஆறுதான். நீ ஜெயித்துவிட்டாய். டன்கர்க்கில் நின்ற பதினொன்றையும் மேப்பிலிருந்து எடுத்துவிட்டேன். உன்னிடம் ஒப்படைக்கக் கைப்பையில் கொண்டு வந்திருக்கிறேன். சரணடைகிறேன். ஆகவே நீ டிசம்பரில் வரவேண்டும் என்று ஒரு கட்டாயமும் இனி கிடையாது. கல்யாணப் பேச்சை எடுக்கக் கூடாது என்ற உன் நிபந்தனையை மட்டும் இப்போது, உன் வாசலில் வைத்தே மீறப்போகிறேன்.

தட்டில் பூ, குங்குமம் உன் வழக்கத்துக்கு. பேரீச்சம்பழம் என் வழக்கத்துக்கு. நடுவில் பத்திரிகை. அச்சாகி வந்து மூன்று நாள் ஆகிறது, இன்னும் யாருக்கும் வைக்கவில்லை. ரஹீமின் பெரியம்மாவுக்குக்கூட இல்லை. இதுதான் முதல் பத்திரிகை.

இதைக் கதவிடுக்கில் செருகிவிட்டு மணி அடிப்பேன். உன் வாசல் கேமராவில் தலையைக் காட்டுகிறேன், நரைத்திருக்கிறேன், சிரிக்காதே. மணியன் அண்ணன் ஏற்கெனவே ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கையை ஆட்டுகிறார். காபி இல்லாத மனுஷன், பாவம், அவரை முந்தவிடாதே. நீயே வந்து கதவைத் திற. அந்தப் பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு கல்யாணத்துக்கு வாடி.

உன் வீட்டு ஆள்,
ரோஷன்