ஒரே தொகுதி உப்பு

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே உன் அப்பா உயிரோடு இருக்கிறார், நானும் இருக்கிறேன். நீ சௌக்கியமாகத்தான் இருப்பாய், அதனால் கேட்கவில்லை.

நீ அனுப்பிய உப்பு டப்பாவைப் பற்றித்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் நடுவில் புகுந்து எனக்கே பாடம் நடத்துவாய், தாளில் எழுதினால் வாயை மூடிக்கொண்டு படித்துத்தான் ஆக வேண்டும். அப்பாவுக்கு ரத்த அழுத்தம், சிறுநீரகமும் அரைகுறையாகத்தான் வேலை செய்கிறது, டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார், எல்லாம் உனக்குத் தெரியும். சாப்பாடு மண் மாதிரி இருக்கிறது என்று அவர் உன்னிடம் புலம்பியிருக்கிறார். உடனே சோடியம் இல்லாத உப்பு என்று, அதற்குப் பதில் பொட்டாசியம் போட்டதைப் பார்சல் அனுப்பிவிட்டாய். நான் உன் அக்கா வீட்டுக்குப் போயிருந்த நேரம். "தனிம அட்டவணையில சோடியமும் பொட்டாசியமும் ஒரே தொகுதிப்பா, ரெண்டுக்கும் வெளிக்கூட்டுல ஒரே ஒரு எலக்ட்ரான்தான், உடம்புக்கு வித்தியாசமே தெரியாது, தாராளமா போட்டுக்குங்க" என்று சொன்னாயாம். என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? அவருடைய டாக்டரைக் கேட்கச் சொன்னாயா? ஆராய்ச்சிக்கூடத்து மகன் சொல்லிவிட்டான், அவருக்கு வேறென்ன வேண்டும், தட்டில் மழையாகக் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

நானும் அக்காவும் வந்து பார்த்தபோது நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை, கால் ரெண்டும் பஞ்சு மாதிரி இருக்கிறது என்றார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இதயத் துடிப்பு தாறுமாறாக இருந்தது, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிக் கிடந்தது. "புதுசா ஏதாவது சாப்பிட்டீங்களா, பொடி, டானிக், எதாவது?" என்று டாக்டரம்மா கேட்டதற்கு அப்பா இல்லையென்று தலையாட்டினார். ஊசி போட்டு இறக்கினார்கள். மறுநாள் மறுபடி ஏறியது. டாக்டரம்மாவுக்கே குழப்பம். தலையணை உறையை மாற்றப் போன உன் அக்கா கையில் ஒரு காகிதப் பொட்டலம் அகப்பட்டது. உன் உப்புதான். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டிலும் தூவிக்கொண்டிருந்திருக்கிறார். ஏன் மறைத்தீர்கள் என்று கத்தினேன். "சொன்னா அவனைத்தானே குறை சொல்வீங்க, பாசத்துல அனுப்பினான்" என்றார்.

அன்று உனக்குப் போன் போட்டால் நீ என்ன செய்தாய்? ரெண்டும் ஒரே தொகுதிதானே என்று போனிலேயே டாக்டரம்மாவோடு வாதாடினாய். வேதியியல் பாடத்தை உனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தவள் நான், எனக்கு வெட்கமாக இருந்தது. வெளிக்கூட்டில் எலக்ட்ரான் எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் மற்றவற்றோடு சேரும் விதம் ஒத்துப்போகும், அவ்வளவுதான். சோடியத்தைவிடப் பொட்டாசியம் தண்ணீரில் ஏன் மூர்க்கமாக வினை புரிகிறது என்று பரீட்சையில் எழுதியவன்தானே நீ? அதன் எலக்ட்ரான் கருவைவிட்டு இன்னும் தள்ளி இருக்கிறது, எளிதில் கழன்றுவிடும். உடம்பிலும் இரண்டும் ஒன்றல்ல. சோடியம் பெரும்பாலும் செல்லுக்கு வெளியே, பொட்டாசியம் உள்ளே. மிஞ்சிய பொட்டாசியத்தைச் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டும், முடியாவிட்டால் அது இதயத்தில் கை வைக்கும். ஒரே தொகுதி என்றால் எல்லாம் ஒன்றா? நீயும் உன் அக்காவும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தான். அவள் ஆஸ்பத்திரி பெஞ்சில் படுத்துக் கிடந்தாள், நீ உன் கட்சியை நிரூபித்துக்கொண்டிருந்தாய்.

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். தெருமுனை வரை நடக்கிறார். விசாரிப்பவர்களிடம் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று கதை விடுகிறார். டப்பாவை நான் குப்பையில் போட்டாயிற்று. இந்தக் கடிதம் அவருக்குத் தெரியாது, தெரிந்தால் கிழித்துப் போட்டுவிடுவார்.

நீ நீண்ட காலம் நோய்நொடி இல்லாமல் இரு, இந்தக் கோபத்திலும் அது மனதாரச் சொல்வதுதான். வேளைக்குச் சாப்பிடு. ஒன்றை மட்டும் மறக்காதே, அடுத்த முறை அப்பாவிடம் பேசும்போது தொகுதி, எலக்ட்ரான் என்று ஆரம்பிக்காமல், தப்புப் பண்ணிட்டேன்பா என்று வாய்விட்டுச் சொல். அதெல்லாம் ஒண்ணுமில்லடா என்பார். நம்பாதே.

இப்படிக்கு,
கோபம் இன்னும் தணியாத
உன் அம்மா