ஈர நீச்சலுடை

அன்புள்ள ஆஸ்தீஸுக்கு அம்மா எழுதுவது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டி எம்ப்லாவும் சளி காய்ச்சல் இல்லாமல் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பா சுகம். நான் சுகமா என்று கேட்டால், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அம்மா தபாலில் எழுதுகிறாளே என்று பதறாதே. ஃபோனில் பேசினால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நான் சொல்ல வேண்டியதை அவரே சொல்லிவிடுகிறார், கவனித்திருப்பாய்.

மார்ச்சில் குடல் ஆபரேஷன் முடிந்து வயிற்றில் ஒட்டிய, மலம் சேரும் பையோடு வீட்டுக்கு வந்தேன் அல்லவா, அன்றிலிருந்து இந்த வீட்டில் நான் ஒரு கண்ணாடிப் பாத்திரம். அப்பாவுக்கு என் மேல் உயிர், அதுதான் தொல்லையே. யார் யாரோ சொன்னதையெல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். மீன் தின்றால் நாறும், முட்டைக்கோஸ் தின்றால் பை வெடிக்கும், வெங்காயம் வாசல்படி ஏறக்கூடாது. ஆறு மாதமாக வெந்த உருளைக்கிழங்கும் வெள்ளை ரொட்டியும்தான். துறைமுகத்து ஊரில் இருந்துகொண்டு மீன் வாசனைக்கு ஏங்குகிறேன். பை விஷயம் பார்க்கிற நர்ஸ், எல்லாம் சாப்பிடலாம்மா, நல்லா மென்னு சாப்பிடுங்க, பை சரியா ஒட்டியிருந்தா ஒரு வாசனையும் வெளிய வராது, நீச்சல் குளத்துல கூட இறங்கலாம்னு படித்துப் படித்துச் சொன்னாள். வெளியே வந்ததும் அப்பா, அவ சின்னப் பொண்ணு, அவளுக்கென்ன தெரியும்னு சொல்லிவிட்டுக் காரைக் கிளப்பினார். அவரை மட்டும் சொல்லி என்ன, நானும்தான் நம்பினேன். கடையில் யாராவது மூக்கைத் தொட்டால் போதும், எனக்குக் காது சிவந்துவிடும். பிறகு கடைக்கும் போகவில்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, ஊர் நீச்சல் குளத்துக்குப் போகிறவர்களைத் தினமும் எண்ணுவேன். முப்பத்தைந்து வருஷம் காலையில் அங்கே இருக்கிற வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினவள் நான். அங்கே வருகிறவர்களிடம் அப்பா, எனக்கு முதுகுவலி என்று சொல்லி வைத்திருக்கிறார்.

இன்று அவர் மலையில் மேய்கிற ஆடுகளை ஊருக்கு இறக்கி ஓட்டி வரப் போயிருக்கிறார். அவர் வண்டி தெருமுனையில் மறைந்ததும் நீச்சலுடையை வீட்டிலேயே போட்டு, மேலே கோட்டை மாட்டிக்கொண்டு, திருடி மாதிரி போனேன். என் திட்டத்தைக் கேள், சிரிக்காதே. குளியலறையில் உடை மாற்றாமல் யார் கண்ணிலும் படாமல் நேராகத் தொட்டிக்குப் போய்விடலாம் என்று. குளிக்காமல் யாரும் உள்ளே போகாதபடி பெண்கள் குளியலறை வாசலில் காவல் இருக்கிற ஹல்பேராவை மறந்துவிட்டேன். ஏய், யாரது அங்க போறது, குளிக்காம தண்ணியில எறங்கறதுக்கு நீ என்ன சுற்றுலா வந்தவளான்னு போட்டாள் பார் ஒரு சத்தம், எல்லாத் தலையும் திரும்பிவிட்டது. எல்லோரையும் போல அம்மணமாக நின்று சோப்புப் போட்டுக் குளிக்காமல் குளத்தில் இறங்கினாள் என்று இந்த ஊரில் பேர் வாங்குவதற்கு நான் செத்தே போகலாம். அந்த அவமானத்தில் பை ஞாபகமே இல்லை, உடையைக் கழற்றிவிட்டேன். பிறகுதான் கையால் பையை மூடினேன். எல்லோரும் பார்த்துவிட்டார்கள். ஹல்பேரா கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். அது கெட்டியா ஒட்டியிருக்கான்னாள். இருக்குன்னேன். அப்புறம் என்ன, அக்குள்ல சோப்புப் போடு, சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான், உன் முதுகு நல்லாத்தானே இருக்கு, எதுக்கு உன் புருஷன் பொய் சொன்னான்னாள்.

தொட்டியில் இருந்தவர்கள் என்னைக் கண்டதும், எங்கடி போய்த் தொலஞ்ச, ஆறு மாசமா உன் எடத்துல பழைய தபால்காரர் காலை நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கார்னு ஆரம்பித்துவிட்டார்கள். பை வெடிக்கவில்லை, கழன்று மிதக்கவில்லை, கால் மணி நேரம் இருந்தேன். அழுதேன், முகமெல்லாம் ஆவி, யாருக்கும் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தினேன், மறுபடி அதே ஜன்னல், அதே உருளைக்கிழங்கு. நான் அங்கே வர நீ வாங்கி வைத்த விமானச் சீட்டை ரத்து செய்யச் சொன்னேன் அல்லவா, அது அப்பா எழுதிக்கொடுத்த வசனம். விமானம் மேலே போனால் பை வெடிக்குமாம், எம்ப்லா ஓர் உதை விட்டால் பிய்ந்துவிடுமாம், அதனால் அவளை மடியில் வைக்கவே கூடாதாம். என் பேத்தியை நான் படத்தில்தான் பார்க்க வேண்டுமா? இதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல இன்னும் வாய் வரவில்லை. நான் செத்துவிடுவேன் என்று பயந்த மனிதர், ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்கினவர், அவரிடம் எப்படிக் கோபப்படுவது.

குழந்தைக்குக் காது மூடும் தொப்பி போடு. மாப்பிள்ளையை அதிகம் விரட்டாதே. கடவுள் உங்கள் மூன்று பேரையும் கண் போலக் காக்கட்டும். ஒன்றே ஒன்று ஞாபகம் வைத்துக்கொள், சீட்டை ரத்து செய்யாதே. ஈர நீச்சலுடையை அடுப்புக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். உறையை ஒட்டியதும் அதை எடுத்துப்போய் வாசல் கொடியில் போடப்போகிறேன். அப்பா ஐந்து மணிக்கு வருவார்.

உன் அம்மா,
ரக்னா