இல்கா தாங்கிய பாலம்

20 ஜனவரி, திங்கள்

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எனக்கு வெட்கமாக இருக்கும் விஷயத்தையும் விடமாட்டேன். போன வருட டைரியில் எல்லாப் பக்கத்திலும் நான் நல்லவளாகவே இருக்கிறேன். படித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அதனால்தான் இந்தப் புது நோட்டு.

பொங்கல் லீவு முடிந்து இன்று பள்ளி. முப்பத்தொன்றாம் தேதி இலக்கிய மன்றத்தில் எங்கள் ஒன்பதாம் வகுப்பின் பட்டிமன்றம். “தலைப்ப நீங்களே சொல்லுங்க” என்றார் தமிழாசிரியை ஆனந்தவல்லி டீச்சர். ஒருத்தி “கிராமமா, நகரமா” என்றதும் வகுப்பே “ஐயோ” என்றது. சதீஷ் எழுந்தான். “டீச்சர், ‘சுடர் எழுவர்’ படத்துக்குக் கிளைத்தொடர் வந்துச்சுல்ல, அது கணக்குல வருமா வராதான்னு வைங்க.”

டீச்சர் அந்தப் படங்களைப் பார்த்ததில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பர்வின்தான் விளக்கினாள். ஏழு வீரர்களைப் பற்றி மூன்று இங்கிலீஷ் படங்கள், தமிழில் டப் ஆகி வந்தவை. அதே உலகத்தில் நடப்பதாக டிவிக்கு எடுத்த தொடர் ‘கரைக்காவல்’. அதன் நாயகி இல்கா, கடைசிப் பகுதியில் இடியப்போகும் பாலத்தைத் தனியாளாக மூன்று நாள் தாங்கி நிற்கிறாள், ஊர் முழுக்க அதன்மேல் தப்பித்துப் போகிறது, எழுவரில் ஒருவரும் உதவிக்கு வருவதில்லை. படங்களோ இல்கா என்று ஒருத்தி இருப்பதாகவே காட்டிக்கொள்வதில்லை. அப்படியானால் அந்த உலகத்தில் அது நடந்ததா, நடக்கவில்லையா?

“ரெண்டாந்தாரத்துப் புள்ளைக்குப் பங்கு உண்டா இல்லையாங்குற மாதிரி இருக்கு” என்றார் டீச்சர். “சரி, சீட்டு குலுக்குங்க.”

எனக்கும் சதீஷுக்கும் ‘படம் மட்டும்தான் கணக்கு’. பர்வினுக்கும் கனிமொழிக்கும் ‘தொடரும் கணக்கு’. ஜெயிக்கிற அணியில் நன்றாகப் பேசியவர் பிப்ரவரி பதினைந்தாம் தேதி தஞ்சாவூரில் மாவட்டப் போட்டிக்குப் போகலாம். இடம் ஒன்றுதான். அது எனக்கும் வேண்டும், பர்வினுக்கும் வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வருகிறோம். இப்படி எதிரெதிராக நின்றதே இல்லை.

22 ஜனவரி, புதன்

சாயங்காலம் வீடு திரும்பும்போது அறுப்பு மிஷின் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. சைக்கிளில் ஒரு காலை ஊன்றியபடியே பர்வின் ஆரம்பித்துவிட்டாள்.

“மேட்டூர்ல தெறக்கறாங்க. கல்லணைக்கு வருது. குடமுருட்டில பிரிஞ்சு எங்க தெரு வாய்க்காலுக்கு வருது. அது காவேரித் தண்ணியா இல்லியா? சொல்லுடி பூரணி.” பூர்ணிமா என்ற என் பெயர் அவளுக்கு மட்டும் பூரணி.

“காவேரியேதான். ஆனா வாய்க்கால் தண்ணி என்னைக்காவது திரும்ப ஆத்துக்குப் போயிருக்கா? தொடர் படத்துலேர்ந்து எடுத்துக்குது. படம் தொடர்லேர்ந்து ஒரு சொட்டு எடுத்ததா காட்டு. நானே ஒத்துக்கறேன்.”

அவள் பெடலைப் பின்பக்கமாகச் சுற்றினாள். இது நல்ல அடி என்று எனக்குத் தெரிந்தது.

“இதத்தான் மேடையில சொல்லப்போறியா?”

“ஆமா.”

“சொல்லிக்க. ஆனா இல்காவக் கேவலமாப் பேசுனே, ஒன் டிபன்பாக்ஸ்ல இனிமே கை வைக்கமாட்டேன்.”

“நிஜமாவா? அப்ப கட்டாயம் பேசுவேன்.”

சிரித்தாள். ஆனால் மிஷின் நகர்ந்ததும் என்னை விட்டு முன்னால் போய்விட்டாள். ‘கரைக்காவல்’ முடிந்த வாரம் அவள் கண் வீங்கிப்போய் வந்தது எனக்கு நினைவிருக்கிறது. “அவ்ளோ நேரம் புடிச்சுக்கிட்டு நின்னாடி, ஒருத்தரும் வரலடி” என்று மட்டும் சொன்னாள் அன்று.

25 ஜனவரி, சனி

இதை எழுதத்தான் வேண்டும்.

குறிப்பெடுக்க மூன்று படத்தையும் மறுபடி பார்த்தேன். மூன்றாவதை மட்டும் இங்கிலீஷில் போட்டேன். இங்கிலீஷ் பழகலாமே என்றுதான், வேறு காரணம் இல்லை. நாங்கள் எல்லோரும் தியேட்டரிலும் டிவியிலும் தமிழில்தான் பார்த்திருக்கிறோம்.

ஒரு மணி பன்னிரண்டாவது நிமிடம். எழுவரின் தலைவர் இடிந்த கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். தமிழில் அவர் சொல்வது, “நாம எவ்வளவோ தப்பு பண்ணிட்டோம்.” இங்கிலீஷில் அவர் சொல்வது அது இல்லை. “ஒருத்தி தனியாளாக ஒரு பாலத்தைத் தாங்கி நின்றாள். மூன்று நாள். நாம் போகவில்லை.”

திரும்பப் போட்டேன். கீழே எழுத்திலும் அதேதான்.

டப்பிங் செய்தவர்களுக்கு அந்தத் தொடர் தெரியாது போலிருக்கிறது. யாரைச் சொல்கிறார் என்று புரியாமல் பொதுவாக ஏதோ பேசவைத்துவிட்டார்கள். தமிழில் பார்க்கிறவர்களுக்கு இல்கா இல்லாமல் போனது இப்படித்தான்.

பெயர் சொல்லவில்லையே? வேறு யாராவதாகக்கூட இருக்கலாமே?

பாலம். மூன்று நாள். தனியாள். வேறு யாருடி?

26 ஜனவரி, ஞாயிறு

கொடியேற்றத்துக்குப் பள்ளிக்குப் போனோம். பர்வின் தன் மிட்டாயையும் என்னிடமே கொடுத்தாள். அந்த வரியைப் பற்றி நான் அவளிடம் சொல்லவில்லை.

28 ஜனவரி, செவ்வாய்

எதிர்க்கட்சி வக்கீலுக்கு யாராவது ஆதாரம் எடுத்துக் கொடுப்பார்களா? கொடுக்கமாட்டார்கள். எனக்கு இந்தப் பக்கம் சீட்டில் விழுந்தது, நானாக எடுக்கவில்லை. தேடுவது அவள் வேலை. இந்த வரியைப் பேசாமல் விட்டால் போதும். பேசாமல் விடுவது பொய் இல்லை.

இல்லைதானே?

“ஒரு சொட்டு காட்டு, நானே ஒத்துக்கறேன்” என்று சொன்னதும் நான்தான். இப்போது அந்தச் சொட்டை வைத்திருப்பதும் நான்தான்.

31 ஜனவரி, வெள்ளி

ஜெயித்துவிட்டேன்.

வரிசையாக எழுதுகிறேன். கடைசி இரண்டு பீரியட். ஹாலில் மூன்று வகுப்புப் பிள்ளைகள். நடுவர் ஆனந்தவல்லி டீச்சர். சதீஷ் முதலில் பேசினான். “நடுவர் அவர்களே, நடுவுல சோப்பு விளம்பரம் வர்றதெல்லாம் ஒரு வரலாறா?” என்றான். கைதட்டல். அதற்குமேல் அவனிடம் ஒன்றும் இல்லை.

பர்வின் நன்றாகப் பேசினாள். என்னைவிட நன்றாகப் பேசினாள். “நடுவர் அவர்களே, பாலத்துமேல போன ஜனங்களக் கேளுங்க, அது நடந்ததா இல்லையான்னு” என்று சொல்லி நிறுத்தினாள்.

பிறகு நான். வாய்க்கால் தண்ணீர் ஆற்றுக்குத் திரும்பாது என்று சொன்னேன். எல்லாரும் தட்டினார்கள். கனிமொழி விடவில்லை. எழுந்து, “பூர்ணிமா வயல் பக்கமே போனதில்ல போல. வடிகால்னு ஒண்ணு இருக்கு தாயே! வாய்க்கால் தண்ணி வயல்ல பாஞ்சு, வடிகால்ல எறங்கி, கீழ போயி இன்னொரு ஆத்துலதான் சேருது” என்றாள்.

ஹாலே குலுங்கிச் சிரித்தது. டீச்சரும் சிரித்தார். காது சூடாகிவிட்டது. எங்கள் வீட்டிலேயே மூன்று ஏக்கர் நிலம், எனக்கு வடிகால் நினைவுக்கு வரவில்லை! கையில் மைக், எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். என்ன செய்வது? பேசாமல் விட்டால் போதும் என்று நினைத்திருந்தேனே – பேசிவிட்டேன்.

“வடிகால் இருக்கட்டும் நடுவர் அவர்களே. படத்தில் எங்கே இருக்கிறது அந்த வடிகால்? மூன்று படத்தையும் கையில் நோட்டோடு நான் பார்த்தேன். இல்காவைப் பற்றி ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தைகூட இல்லை!”

கனிமொழி உட்கார்ந்துவிட்டாள். பர்வின் குனிந்து தன் தாளைப் பார்த்தாள். நான் சொன்னால் அவள் நம்புவாள். நான் எதையும் சரிபார்க்காமல் சொல்லமாட்டேன் என்று எல்லாரிடமும் சொல்கிறவளே அவள்தான்.

தீர்ப்பு எங்களுக்கு. தஞ்சாவூருக்கு நான். கீழே இறங்கியதும் பர்வின் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். “கடசில போட்ட பாரு, அதுலதான் நான் அவுட்டு” என்றாள். அவள் கை சில்லென்று இருந்தது.

1 பிப்ரவரி, சனி

நான் தஞ்சாவூர் போவதை அப்பா நெல் கொள்முதல் நிலையத்தில் வரிசையில் நின்ற எல்லாரிடமும் சொல்லிவிட்டாராம். சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

3 பிப்ரவரி, திங்கள்

பர்வினின் அண்ணன் ஜாபிர் துபாயிலிருந்து வந்திருக்கிறார். “அண்ணனுக்கு டப்பிங்னாலே ஆகாது. சனிக்கெழம மூணு படத்தையும் இங்கிலீஷ்ல போடப்போவுது. நீயும் வாடி, அம்மா பிரியாணி பண்றேன்னிருக்காங்க” என்றாள் பர்வின்.

இங்கிலீஷில் போட்டால் அந்த வரி அவள் காதில் விழும்.

சனிக்கிழமைக்கு முன்னால் சொல்லிவிடவேண்டும். மாட்டிக்கொள்வேன் என்ற பயத்தில் சொல்கிறேனா, சொல்லவேண்டும் என்பதற்காகவா? நடந்தபடி எழுதுவதென்றால் – பயம்தான். முக்கால்வாசி பயம்.

4 பிப்ரவரி, செவ்வாய்

சைக்கிள் நிறுத்துமிடத்தில் சொன்னேன். அவள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தாள். அந்த வரியை அப்படியே சொன்னேன்.

“நாம் போகவில்லைன்னா சொல்றாரு?” முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா? “பூரணி! அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குடி! எப்ப பாத்தே?”

“போன மாசம் இருபத்தஞ்சாந்தேதி.”

அவள் கணக்குப் போடுவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“பட்டிமன்றத்துக்கு முன்னாடியா?”

“ஆமா.”

“தெரிஞ்சேதான் ஒரு வார்த்த இல்லன்னியா?”

“கனிமொழி அப்படிச் சொன்னதும் எல்லாரும் சிரிச்சாங்க... எனக்கு வேற ஒண்ணும்...”

“நான் தோத்ததுக்குக்கூட இல்ல.” அவள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். “அன்னைக்கு வீட்டுக்குப் போயி, சரி, அவ நெசமாவே இல்ல போல, நாமதான் இவ்ளோ நாளா முட்டாளா அழுதோம்னு நெனச்சேன். நீ சொன்னதால நெனச்சேன்.”

சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பிரியாணிக்கு வரவேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியம் இல்லை.

5 பிப்ரவரி, புதன்

ஆனந்தவல்லி டீச்சரிடம் சொன்னேன். விடைத்தாள் திருத்திக்கொண்டே கேட்டார்.

“பட்டிமன்றம்னா அப்படித்தாம்மா. குடுத்த பக்கத்தப் பேசுன. நான் பேச்சுக்குத்தான் மார்க் போட்டேன்.”

“பக்கம் பேசுனது தப்பில்ல டீச்சர். பாத்தேன், இல்லன்னு சொன்னேன். அது பொய்.”

அப்போதுதான் பேனாவை வைத்தார். “சரி. அதுக்கு என்ன பண்ணப்போற?”

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

8 பிப்ரவரி, சனி

இன்று அவர்கள் வீட்டில் படம் பார்க்கும் நாள். நான் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் பாடம் போட்டேன். ஒன்றும் சரியாக வரவில்லை.

10 பிப்ரவரி, திங்கள்

இந்த வாரம் காலை வழிபாட்டில் செய்தி வாசிப்பது ஒன்பதாம் வகுப்பு. இன்று என் முறை. உலகச் செய்தி, மாநிலச் செய்தி, விளையாட்டு. கடைசியாக வானிலையும் வாசித்துவிட்டு மைக்கை விடவில்லை.

“ஒரு திருத்தம். முப்பத்தொன்றாம் தேதி பட்டிமன்றத்தில் நான் ஒரு பொய் சொன்னேன். மூன்றாவது படத்தில் இல்காவைப் பற்றிப் பேசுகிறார்கள். தமிழில் அந்த வரி இல்லை, இங்கிலீஷில் இருக்கிறது. அது எனக்கு முன்பே தெரியும். பர்வின் சொன்னதுதான் சரி. தஞ்சாவூருக்குப் போகவேண்டியவள் அவள்தான்.”

ஆறாம் வகுப்பு வரிசையில் சிரித்தார்கள். பிளஸ் டூ அண்ணன் ஒருவர் “யாருப்பா இல்கா?” என்றார். ஹெச்.எம். என்னை முறைத்துப் பார்த்தார். பர்வின் நேராகக் கொடிக்கம்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

12 பிப்ரவரி, புதன்

டீச்சர் பர்வினைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். அவள் மாட்டேன் என்றுவிட்டாளாம். “நடுவர் தீர்ப்புல ஜெயிச்சுப் போனா போவேன். இவ விட்டுக்குடுத்துப் போகமாட்டேன்” என்றாளாம். கனிமொழி சொன்னாள்.

போவது சதீஷ். “நீங்க ரெண்டு பேரும் நல்லா அடிச்சுக்குங்க, நான் பொழச்சுக்கறேன்” என்றான். அவனுக்குச் சட்டை வாங்க அவன் அம்மா கும்பகோணம் போகிறார்களாம்.

என்னால் அவளும் போகவில்லை. இதை எப்படிச் சரிசெய்வது என்று எனக்குத் தெரியவில்லை. பெஞ்சில் எங்கள் நடுவே அவளுடைய பை இருக்கிறது.

15 பிப்ரவரி, சனி

நாலு மணி இருக்கும். பக்கத்து வயலில் அறுப்பு. தூசிக்குப் பயந்து ஜன்னல்களையெல்லாம் சாத்திவிட்டுப் பகலிலேயே டியூப்லைட் போட்டிருந்தோம். வாசலில் சைக்கிள் மணி.

“வா பர்வின், என்ன பத்து நாளா ஆளையே காணும்?” என்றார் அம்மா. எனக்குப் பதில் சதீஷ் தஞ்சாவூர் போகிறான் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

“டெஸ்ட்டு ஆன்ட்டி” என்றாள். உள்ளே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

“அந்த எடத்தப் போடு.”

“அண்ணன்கூடப் பாக்கலியா?”

“அதுங்க பாத்துச்சுங்க. நான் மாடிக்குப் போயிட்டேன்.”

ஒரு மணி பன்னிரண்டாவது நிமிடத்துக்குத் தள்ளிப் போட்டேன். இடிந்த கூடம். தலைவர் பேசினார். பர்வின் நாற்காலியை டிவி பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“திரும்பப் போடு.”

போட்டேன். நாலு தடவை. நாலாவது தடவை, நாம் போகவில்லை என்று அவர் சொன்னபோது அவளும் உதட்டுக்குள் சொன்னாள். முக்காட்டின் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

நான் படத்தை நிறுத்தினேன். மன்னிச்சுக்க என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் எழுந்துவிட்டாள். கதவுப் பக்கம் போனாள். செருப்பும் அங்கேதான் இருந்தது. அவ்வளவுதான், கேட்டுவிட்டாள், போகிறாள் என்று நினைத்து ரிமோட்டைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

“மொதல்லேர்ந்து போடு” என்றாள், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே. கை உயர்ந்து சுவிட்சைத் தேடியது. விளக்கை அணைத்தாள்.