எங்கள் ஊரில் கொரோனா பூஜ்யம்

ஜனவரி 12, 2021

ஒன்பது நாடுகளின் கொரோனா சாவுகளை லட்சம் பேருக்கு இத்தனை என்று வரிசைப்படுத்தி முடித்தேன். ஜப்பான் கடைசியில் இருக்கிறது. எங்கள் மாகாண சுகாதார அலுவலகத்தின் பிரிவுத் தலைவர் ஹிராய்வாவுக்குத் தலைகால் புரியவில்லை. "நாம கட்டுப்பாடான ஜனங்க, கிரிஹாரா-சான். கீழ அப்படி ஒரு வரி சேத்துடுங்களேன்."

சேர்க்கவில்லை. பெல்ஜியத்தில் சந்தேகச் சாவையும் எண்ணுகிறார்கள். வேறு இடங்களில் பரிசோதனையில் தெரிந்ததை மட்டும். ஒருவர் படியில் அளக்கிறார், இன்னொருவர் ஆழாக்கில். இதில் யார் பெருமைப்படுவது?

ஜனவரி 14

நோயின் பெயரையே விட்டுவிட்டேன். போன வருடம் மொத்தம் எத்தனை பேர் செத்தார்கள், வழக்கமாக எத்தனை பேர் — கழித்தால் உண்மை தெரிந்துவிடும். பெயரை மாற்றி எழுதலாம், ஆளை எங்கே ஒளிப்பது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த இரண்டு நாடுகள் மாட்டின. சந்தோஷமாக இருந்தது.

ஜனவரி 19

அதே கணக்கை எங்கள் மாகாணத்துக்கும் போட்டேன். ஓர் ஊர் மட்டும் உதைக்கிறது. டிசம்பரில் கொரோனா பூஜ்யம். ஆனால் 'முதுமை'யால் செத்தவர்கள் இருபத்தாறு. எந்த டிசம்பரிலும் பதினொன்றைத் தாண்டியதில்லை. ஒரே மாதத்தில் ஊரே கிழடாகிவிட்டதா? சான்றிதழ்களில் எல்லாம் ஒரே கையெழுத்து, டாக்டர் நுகுயி.

அது நான் பிறந்த ஊர். எனக்குச் சிறு வயதில் வைத்தியம் பார்த்தவர் அவர். அப்பா இன்னும் அங்கே, அண்ணன் வீட்டில்தான் இருக்கிறார்.

ஜனவரி 20

டாக்டருக்குப் போன் செய்தேன். மறைக்கவே இல்லை மனுஷர்.

"கொரோனான்னு எழுதினா பையில கட்டி நேரா சுடுகாட்டுக்குக் கொண்டுபோயிடுவாங்க, யோரிகோ. எரிச்சப்புறம் புள்ளைங்க குச்சி புடிச்சு எலும்பெடுத்துக் கலசத்துல வைக்கிற நம்ம வழக்கம் நடக்காது. கலசம் மட்டும் வாசலுக்கு வரும். டெஸ்ட் வேணாம்னு அவங்களே கையப் புடிச்சுக்கறாங்க."

"அதுக்காகப் பொய் எழுதுவீங்களா டாக்டர்?"

"டெஸ்டே எடுக்கல, அப்புறம் பொய் ஏது? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்மா."

இவர் எழுதுகிற பூஜ்யத்தை நம்பித்தான் அங்கே முதியோர் பகல் மையத்தை மூடவில்லை. வாரம் மூன்று நாள் அதன் வேன் வந்து அப்பாவை ஏற்றிக்கொண்டு போகிறது.

ஜனவரி 22

அப்பாவை அனுப்பாதே என்று அண்ணனிடம் சொன்னேன். "பூஜ்யம்னு போட்டது உங்க ஆபீஸ்தானே? அப்புறம் என்ன? அவருக்கு அங்க போனாத்தான் சோறு இறங்குது."

ஜனவரி 25

அறிக்கையைக் கொடுத்தேன். மையத்தை மூடுங்கள், எல்லோருக்கும் பரிசோதனை செய்யுங்கள் என்று எழுதியிருந்தேன். ஹிராய்வா இரண்டு முறை படித்தார். "கழித்தல் கணக்க வச்சு ஒரு டாக்டர் மேல கை வைக்க முடியுமா? அந்த ஊர்லேர்ந்து ஒரே ஒரு டெஸ்ட் முடிவு கொண்டாங்க. அன்னிக்கே அனுப்பிடறேன்."

ஒன்றே ஒன்று. எங்கே போவேன்?

ஜனவரி 28

அப்பாவுக்குக் காய்ச்சல்.

ஜனவரி 30

நான் ஊர் போய்ச் சேருவதற்குள் அப்பா போய்விட்டார். விடியற்காலையில், தூக்கத்தில்.

டாக்டர் நுகுயி பரிசோதனைக் குச்சியை உறை பிரிக்காமல் கையில் வைத்திருந்தார். "நீயே சொல்லும்மா. எடுக்கட்டுமா?" குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தேவலை. அண்ணன் என்னையே பார்த்தான். அவன் கைகள் கட்டிலைப் பிடித்திருந்தன.

நான் தேடிய அந்த ஒன்று இதோ கிடக்கிறது. அப்பாவின் வாய் கொஞ்சம் திறந்திருந்தது — ஐயோ, என்ன செய்வேன் நான் —

வேண்டாம் என்றேன்.

பிப்ரவரி 2

எலும்பெடுத்தோம். அண்ணனும் நானும் ஆளுக்கொரு முனையில் குச்சியால் பிடித்து, கால் எலும்பிலிருந்து தொடங்கினோம். எல்லாம் முறைப்படி நடந்தது.

பிப்ரவரி 17

ஜனவரிக் கணக்கு வந்தது. எங்கள் ஊர்: கொரோனா பூஜ்யம், முதுமை முப்பத்தொன்று. டெஸ்ட் முடிவு ஏதாவது கிடைத்ததா என்று ஹிராய்வா கேட்டார். இல்லை என்றேன். 'நாம் கட்டுப்பாடான ஜனங்கள்' என்று அவர் அன்று கேட்ட வரியையும் அட்டவணைக்குக் கீழே சேர்த்துக் கொடுத்துவிட்டேன்.

இன்று புதன்கிழமை. மையத்து வேன் காலையில் அண்ணன் வீட்டுத் தெருவுக்கு மற்றவர்களை ஏற்றப் போயிருக்கும்.