பஸ்ஸில் முணுமுணுத்த ஆறு வரி

சிங்கப்பூர், ஜூரோங்

அன்புள்ள மிரண்டா,

நான் நலம். உன் முதுகுவலி குறைந்ததா?

சனிக்கிழமை பிரெஞ்சுத் தேர்வு. தேறினால் கம்பெனி என்னைப் பிரான்சுக்கு மாற்றும். இங்கே என் பர்மிட்டில் குடும்பத்தைக் கூட்டிவர முடியாது, அங்கே உன்னையும் அழைத்துக்கொள்ளலாம்.

'பேசு' என்ற வினைக்கு ஆறு வடிவம். நான்கு 'பார்ல்' என்றே ஒலிக்கும். 'நாம்' என்றால் பார்லோன், 'நீங்கள்' என்றால் பார்லே. இருப்புக்கொள்ளாமல் நேற்று கம்பெனி பஸ்ஸில் அதையே முணுமுணுத்தேன். ஜெபமாலை சொல்கிறேன் என்று நினைத்துப் பக்கத்திலிருந்த டாரியஸ் அண்ணன் தொப்பியைக் கழற்றிவிட்டார். விஷயத்தைச் சொன்னதும், "இதுக்கும் ஜெபம் வேணும் லா, நிறுத்தாதே" என்றார் சிங்கப்பூர்ப் பாணியில்.

அந்த ஆறு வரியையும் தமிழ் எழுத்தில் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நீ வாசித்து, போனில் பதிவுசெய்து அனுப்பு. தப்பாக வாசித்தாலும் பரவாயில்லை, சாப்பிடும்போது கேட்டுக்கொள்வேன். இடைவேளை முடிந்தது, கூப்பிடுகிறார்கள்.

உன்
எட்வின்