கிருமிகளின் ஒற்றுமையும் நம் வீட்டு இரண்டு பேச்சும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே நோய்நொடி இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும் என்று கடவுளிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவைத் திறந்தேன். நானும் அண்ணனும் நலம். அப்பாவும் நலம் என்று வழக்கம்போல எழுத இன்றைக்குக் கை வரவில்லை. அவரைக் கால் புண்ணுக்காக ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோய்விட்டார்கள், நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், கணக்கு நோட்டில் கிழித்த தாள் இது. இரண்டு விரலை எடுத்தால் பாதம் தப்பும் என்று காலையில் டாக்டர் சொன்னார், உன்னைக் கேட்க நேரமில்லை, கையெழுத்துப் போட்டுவிட்டேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் பாதியிலேயே நீ "அம்மா, நான் சொல்றதைக் கேளு" என்பாய், நான் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு வைத்துவிடுவேன்.

உன் ஆராய்ச்சியைப் பற்றி நீ சொன்னதெல்லாம் இந்தப் பெஞ்சில்தான் எனக்கு உறைக்கிறது. கிருமி தனியாக வந்தால் மருந்து அடித்துவிடும், ஓர் இடம் பிடித்து உட்கார்ந்து பெருகிவிட்டால் சுற்றியிருப்பதெல்லாம் அதன் உடன்பிறப்பு, எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் பசை விட்டுத் தலைக்குமேல் கூரை போட்டுக்கொள்ளும், மருந்து கூரையை நனைத்துவிட்டுப் போகும், அடியில் இருப்பது சுகமாகத் தூங்கும் என்றாய். அங்கேயும் ஓசிச்சோறு தின்கிறது உண்டு என்று நீ சொன்னபோது நான் சிரித்தேன். ஒன்றும் கொடுக்காமல் அடுத்ததன் உழைப்பில் வாழ்கிறது, கிருமி வளர்க்கிற தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருந்தால் அதற்குத்தான் கொண்டாட்டம், கலக்காமல் விட்டால் கொடுத்தது பக்கத்திலிருக்கும் சொந்தத்துக்கே போய்ச் சேரும், அதனால் கொடுக்கிறதும் அழியாமல் நிற்கும் என்றாய். கடவுள் மூளையே இல்லாததற்கும் எவ்வளவு பாசம் வைத்திருக்கிறார் என்றேன், அது பாசமில்லைம்மா, கொடுத்த வகை மிஞ்சுது, அவ்வளவுதான் என்று வெடுக்கென்று சொன்னாய். இருக்கட்டும். அந்த ஓசிச்சோற்றுக் கூட்டத்தைப் பிடித்து அப்பா புண்ணில் விட முடியாதா, பசை விட ஆளில்லாமல் கூரை சரிந்துவிடுமே என்று நேற்று டாக்டரிடமே கேட்டுவிட்டேன். அதைச் சிலர் ஆராய்ந்து பார்க்கிறார்களாம், அப்பாவின் விரல் அதுவரை காத்திருக்காது என்றார். ஜெபம் செய்ய உட்கார்ந்தாலும் மனசு ஓட மாட்டேன் என்கிறது. ஒற்றுமையாக இருக்கிற ஒன்றைப் பிரித்துவிடு என்று எந்த வாயால் கடவுளிடம் கேட்பது? ஆனாலும் கேட்டேன்.

கதவு திறந்தது. வேறு யாரையோ தள்ளிக்கொண்டு போகிறார்கள்.

இப்போது நீ கேட்க விரும்பாததைச் சொல்கிறேன். தினமும் வெந்நீர் விட்டுக் கழுவித் திறந்து வை என்றான் உன் அண்ணன். தண்ணீரே படக்கூடாது, கட்டு மூடியே இருக்கட்டும் என்றாய் நீ. டாக்டர் சொன்னது மூன்றாவது, நாள் விட்டு நாள் வந்து சுரண்டிக் கட்டிக்கொண்டு போகச் சொன்னார். உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா? பிள்ளைகள் இருவரும் எனக்குச் சமம் என்று காலையில் அவன் சொன்னபடி கழுவினார், சாயங்காலம் நீ சொன்னபடி மூடினார். ஆஸ்பத்திரிக்குப் போனால் யாராவது ஒருவர் மனசு நோகுமே என்று அதைத் தள்ளிப்போட்டார். நானும் பஞ்சை எடுத்துக் கொடுத்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். தூரத்தில் உட்கார்ந்து வைத்தியம் சொல்வது சுலபம் என்று அவன் சொன்னதும், மோட்டார் பட்டறை வைத்திருப்பவனுக்குப் புண்ணைப் பற்றி என்ன தெரியும் என்று நீ சொன்னதும் இருவருக்கும் வலித்திருக்கும், எனக்குத் தெரியும். ஆனால் அன்றிலிருந்து அவன் சொல்வதை உன்னிடமும் நீ சொல்வதை அவனிடமும் சுமந்து சுமந்து என் வாய் தேய்ந்துவிட்டது. உள்ளே போகும்போது ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே அப்பா சிரித்தார். "என் கால்ல இருக்கிறதுங்ககூட ஒத்துமையா குடித்தனம் பண்ணுது. நான் பெத்ததுங்கதான் பேசிக்க மாட்டேங்குது" என்றார். கட்டுப்போடும் நர்ஸ் சிரித்துவிட்டாள், என்னால் முடியவில்லை.

அந்த நர்ஸ் இப்போதுதான் வந்து போனாள். நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறதாம், முடிய இன்னும் நேரமாகுமாம். வீட்டுக்குப் போனபின் யார் கட்டு மாற்றுவது, எப்படி மாற்றுவது என்று வீட்டில் ஒருவர் பொறுப்பாகக் கேட்டுக்கொள்ள வேண்டும், போன தடவை மாதிரி ஆனால் அடுத்தது பாதம்தான் என்றாள். என் பிள்ளைகள் பேசி முடிவு செய்து சாயங்காலத்துக்குள் சொல்வார்கள் என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டுத்தான் பயமாக இருக்கிறது.

அண்ணன் மருந்துக் கடை வரிசையில் நிற்கிறான், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வந்ததும் இந்தத் தாளை அவனிடம் கொடுத்துப் படம் பிடித்து உனக்கு அனுப்பச் சொல்வேன், எனக்கு அதெல்லாம் தெரியாது என்று அவனுக்கும் தெரியும். மடிக்காமல்தான் கொடுக்கப்போகிறேன், படிக்கட்டும். கடவுள் உன்னைக் கண்போலக் காக்கட்டும், எடுத்த காரியம் உனக்குக் கைகூடட்டும். இது வந்து சேர்ந்தால் அவன் அனுப்பிவிட்டான் என்று அர்த்தம், அவன் பாதி தூரம் வந்துவிட்டான். என்னைக் கூப்பிடாதே, நான் எடுக்க மாட்டேன். அவனைக் கூப்பிடு.

கதவைப் பார்த்தபடி,
உன் அம்மா