மேஜைகளுக்கு நடுவே தவளை

12-8-76, வியாழன்

தூக்கம் வரவில்லை. மானேஜர் முகம்தான் கண்ணுக்குள் நிற்கிறது.

காலையில் கடற்கரையில் கராத்தே வகுப்பு. ஈர மணலில் தவளை மாதிரி குந்தித் தாவினோம், நண்டு மாதிரி மல்லாந்து கைகாலால் நடந்தோம். காலாற நடக்க வந்த மானேஜர் அதைப் பார்த்துத் தொலைத்திருக்கிறார். மத்தியானம் சரக்கு விஷயமாக மதராஸ்காரர்கள் இரண்டு பேர் ஆபீசுக்கு வந்தார்கள். அவர்களோடு டீ குடித்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே சேவியர், காலையில தவளை கணக்கா குதிச்சியே, இங்கன குதிச்சுக் காட்டு."

"சார், அது உடற்பயிற்சி."

"தெரியும்லே. சும்மா காட்டு. வேலை வேணும்லா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். டைப்பிஸ்ட் மேரி தலையைக் குனிந்துகொண்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு மேஜைகளுக்கு நடுவே வாசல்வரை குதித்துப் போய்த் திரும்பி வந்தேன். கைதட்டினார்கள். நாளைக்கு முதலாளி வருகிறாராம், நண்டும் வேண்டுமாம்.

ஒரே குத்தில் அந்த மூக்கை உடைக்க எனக்குத் தெரியும். குத்தவில்லை. அதுகூடப் போகட்டும், தடுமாறி விழுந்தாவது தொலைத்திருக்கலாம். மாஸ்டர் சொன்னபடியே முதுகை நிமிர்த்தி, சத்தமில்லாமல் பாதம் ஊன்றி, இதுவரை குதித்ததிலேயே சுத்தமாகக் குதித்தேன். அந்த ஆளுக்காக.